மதுரையிலிருந்து இராமேசுவரம் வரை: ஒரு வழியின் வரலாறு

மதுரை விமான நிலையத்தில் இறங்கி இராமேசுவரம் செல்வோர், மானாமதுரை, பரமக்குடி, இராமநாதபுரம் வழியாகச் செல்லும் நெடுஞ்சாலையையோ, அருப்புக்கோட்டை வழியாகத் தெற்கே இறங்கிச் சாயல்குடியில் கிழக்குக் கடற்கரைச் சாலையைப் பிடிக்கும் சுற்றுவழியையோ தேர்ந்தெடுக்கலாம்.

இவற்றுள் முன்னது பழைமையானது. மழை குன்றிய இந்நிலத்தில் வைகையும் கண்மாய்களும், அதாவது மழைநீரையும் ஆற்றுநீரையும் தேக்கும் ஏரிகளும், குடிநீர் தந்ததால் யாத்திரிகர்கள் ஆற்றின் போக்கையொட்டியே நடந்தனர். வழிப்பறி மிகுந்த அப்பாதையைக் காக்கும் பொறுப்பை 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மதுரை மன்னர் முத்துக்கிருஷ்ணப்ப நாயக்கர் மறவர் தலைவர் சடைக்கத் தேவரிடம் ஒப்படைத்தார் என்பது மரபு. சடைக்கத் தேவர் வழிவந்த சேதுபதி மன்னர்கள், வழிப்போக்கருக்கு உணவும் தங்குமிடமும் அளிக்கும் அறநிலையங்களான சத்திரங்களை நிறுவினர்.

கடற்கரை ஊரான மண்டபத்திற்கு அப்பால் படகில் கடலைக் கடக்கும் நிலையை 1914இல் திறக்கப்பட்ட பாம்பன் ரயில் பாலம் மாற்றியது. எனினும் 1988இல் சாலைப் பாலம் திறக்கப்பட்ட பின்னரே மதுரையில் புறப்பட்ட வாகனம் இராமேசுவரம் தீவுக்குள் நேரே நுழைய முடிந்தது. 1964 டிசம்பர் புயலில் அழிந்த தனுஷ்கோடிக்கு அப்பால் தீவின் முனையான அரிச்சல்முனை வரை செல்லும் சாலை 2017இல் திறக்கப்பட்டது.

கடற்காட்சியை நாடுவோருக்குச் சாயல்குடி வழி ஏற்றதாயினும், தொலைவாலும் வரலாற்றாலும் வைகைக்கரை வழியே முதன்மையானது.