ஊர் மாறி வந்த ஹாக்கி அணி

ஹாக்கி என்றதும் நம்மில் பலருக்கு தியான் சந்த் நினைவுக்கு வருவார். இந்த இதழில் நீங்கள் படிக்கப்போவது பனித்தரையில் சறுக்கிக்கொண்டே ஆடும் ஐஸ் ஹாக்கி அணி ஒன்றின் கதை. சொந்த ஊரை விட்டு வந்த அந்த அணி, புது ஊரில் ரசிகர்களைச் சேர்க்கப் பட்ட பாடுதான் இந்தக் கதை.

அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் ஹார்ட்ஃபோர்ட் என்ற நகரம். அதன் 'வேலர்ஸ்' அணி 1979 முதல் நேஷனல் ஹாக்கி லீகில் ஆடிவந்தது. ஸ்டான்லி கோப்பையை ஒருமுறைகூட வென்றதில்லை. ஆனாலும் அணி போய்விடக் கூடாது என்று ஊர் மக்கள் சீசன் டிக்கெட் வாங்கிப் பார்த்தார்கள். புது அரங்கம் பற்றிய பேச்சு ஒத்துவரவில்லை. 1997-ல் உரிமையாளர் பீட்டர் கர்மனோஸ் அணியைத் தெற்கே வட கரோலினாவுக்குக் கொண்டுபோனார். பெயரும் 'கரோலினா ஹரிகேன்ஸ்' என்று மாறியது.

குடியேற வேண்டிய ஊர் ராலீ. ஆனால் அங்கே அரங்கம் தயாராக இரண்டு ஆண்டுகள் ஆகும். அதுவரை சுமார் 130 கி.மீ. தள்ளியிருந்த கிரீன்ஸ்போரோவில் ஆடினார்கள். சிக்கல் இங்கேதான் தொடங்கியது. கிரீன்ஸ்போரோ மக்களுக்கு அது எப்படியும் கிளம்பிப் போகிற அணி. போதாக்குறைக்கு, இவர்கள் வந்ததால் அங்கே ஏற்கெனவே ஆடிக்கொண்டிருந்த 'மோனார்க்ஸ்' என்ற சிறிய லீக் அணி இடம்பெயர்ந்தது. அது எங்கே போனது தெரியுமா? வேலர்ஸ் விட்டுவந்த அதே கனெக்டிகட்டுக்கு!

ராலீ மக்களுக்கோ, வேலை முடிந்த மாலையில் அவ்வளவு தூரம் கார் ஓட்டிப் போவது பெரிய பாடு. அதோடு, கல்லூரிக் கூடைப்பந்தில் ஊறிய மண் அது. 20 ஆயிரம் பேருக்கு மேல் அமரும் அரங்குக்குச் சராசரியாக 10 ஆயிரம் பேர்கூட வரவில்லை. காலியான மேல் அடுக்கைத் திரை போட்டு மறைத்தார்கள்.

1999-ல் ராலீ அரங்கம் திறந்தது. பக்கத்திலேயே கல்லூரிக் கால்பந்து மைதானம். ஆட்டத்துக்கு முன்பே வந்து, கார் நிறுத்துமிடத்தில் அடுப்பு மூட்டிச் சமைத்துச் சாப்பிடுவது அந்த ஊர் வழக்கம். அதே வழக்கத்தை மக்கள் ஹாக்கிக்கும் கொண்டுவந்தார்கள். குளிர்நாட்டு விளையாட்டு அப்படித்தான் தெற்கத்தி விளையாட்டாக மாறியது. 2002-ல் இறுதிச் சுற்று வரை போய் டெட்ராய்டிடம் தோற்றார்கள். 2006 ஜூன் 19 அன்று, ஏழாவது ஆட்டத்தில், சொந்த அரங்கில் எட்மன்டனை 3-1 என வென்று ஸ்டான்லி கோப்பையைத் தூக்கினார்கள்.

வெற்றி கூட்டத்தைச் சேர்த்தது உண்மைதான். ஆனால் அணி ஓரிடத்தில் நிலைத்து நின்றதும், ஊர் அதைத் தன் வழக்கத்துக்குள் இழுத்துக்கொண்டதும் அதற்கு முன்பே நடந்தவை.

இதில் ஹார்ட்ஃபோர்டின் இழப்பையும் மறக்கக் கூடாது. 2018 டிசம்பரில் ஹரிகேன்ஸ் வீரர்கள் வேலர்ஸின் பழைய பச்சைச் சட்டை அணிந்து ஆடினார்கள். ஆனால் அந்த ஆட்டமும் நடந்தது ராலீயில்தான்.

நம் குடியிருப்பிலும் வெளியூரிலிருந்து வந்தவர்கள் பலர். அடுத்த விழாவுக்குப் புதுக் குடும்பங்களை அழைக்கும்போது, அவர்கள் ஊர்ப் பலகாரம் ஒன்றையும் செய்து வரச் சொல்லுங்களேன்.