கல்வெட்டில் ஏறிய தைலங்களும் கொல்லையில் விளைந்த ஆமணக்கும்

சூரமங்கலம் என்றவுடன் வெளியூரார் நினைவுக்கு வருவது சேலம் சந்திப்பு இரயில் நிலையமே. நம் இலக்கிய வட்டத்தின் பத்தாண்டு நிறைவு மலருக்கு ஊரோடு இயைந்த வரலாற்றுக் கட்டுரை ஒன்று வேண்டுமென நண்பர்கள் பணித்தபோது, நானும் அந்நிலையத்திலிருந்தே தொடங்கலாமென எண்ணியிருந்தேன். எழுத அமர்ந்தபோது முன்வந்து நின்றது ஒரு செடி. நூல்கள் அதனை ஆமணக்கு என்கும். எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் கொட்டமுத்து.

என் அம்மாயி கொல்லை ஓரத்தில் விளைந்த கொட்டமுத்தை வாங்காத பொருள் என்ற பெருமையோடு சேர்த்து வைப்பார். விதையை வறுத்து, உரலிலிட்டு இடித்து, அந்த விழுதை நீரில் இட்டுக் கொதிக்கவைப்பார். மேலே மிதந்து வரும் எண்ணெயை அகப்பையால் வழித்தெடுத்து, மீண்டும் அடுப்பேற்றி, சடசடப்பு அடங்கும்வரை காய்ச்சுவார். குழந்தைகளுக்குப் பேதி மருந்தும், மூட்டுவலிக்குப் பூச்சும், கண்ணெரிச்சலுக்கு உச்சந்தலையில் வைக்கும் குளிர்ச்சியும் அந்த ஒரு சாடியிலிருந்தே வந்தன. இதில் வரலாறு இருப்பதாக அன்று எனக்குத் தோன்றவில்லை. பின்னாளில் திருமுக்கூடல் கல்வெட்டைப் பற்றிப் படித்தபோதுதான் தோன்றியது.

பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுமிடத்தில், காஞ்சிபுரத்துக்கு அணித்தாக உள்ளது திருமுக்கூடல். அவ்வூர் வேங்கடேசப் பெருமாள் கோயிலில் வீரராசேந்திர சோழன் காலத்து நெடிய கல்வெட்டு ஒன்று உள்ளது. அதன் காலம் கி.பி. 1068-ஐ ஒட்டியது. கோயிலைச் சார்ந்து ஒரு வேதபாடசாலையும், மாணவர்க்கு விடுதியும், ‘வீரசோழன்’ என்னும் பெயருடைய ஆதுலசாலையும் இயங்கியதை அது விரிவாகச் சொல்கிறது. ஆதுலசாலையில் 15 படுக்கைகள். மருத்துவர் கோதண்டராம அசுவத்தாம பட்டர். அவருக்கு ஆண்டுக்கு 90 கலம் நெல்லும் 8 காசும். அறுவை செய்வோர், நோயாளரைப் பேணும் பெண்கள், நாவிதர், நீர் கொணர்வோர் என யாவருக்கும் படி வகுக்கப்பட்டிருந்தது. இவர்களுக்கிடையே மூலிகையும் விறகும் கொணர்ந்து மருந்து செய்ய இருவர் இருந்தனர். இவ்விருவரை வாசகர் நினைவில் கொள்ள வேண்டுகிறேன்.

ஓராண்டுக்கு அங்கே இருப்பில் வைக்கவேண்டிய மருந்துகள் ஏறத்தாழ இருபது. அவற்றுள் எண்ணெயும் நெய்யும் பெற்றுள்ள இடம் சிறிதன்று: பலாகேரண்ட தைலம், பஞ்சாக தைலம், இலசுநாத்யேரண்ட தைலம், உத்தம கர்ணாதி தைலம், வில்வாதி கிருதம், புராண கிருதம் முதலியன. கிருதம் என்பது நெய். இலசுநம் என்பது பூண்டு. ஏரண்டம் என்பது ஆமணக்கு! நான்கு தைலங்களுள் இரண்டின் பெயரிலேயே ஆமணக்கு அமர்ந்திருக்கிறது. சோழப் பேரரசின் மருத்துவமனையும் என் அம்மாயியின் சாடியும் ஒரே செடியை நம்பியிருந்தன என்பதை அறிந்தபோது நான் அடைந்த வியப்பை இங்கே மறைக்க விரும்பவில்லை.

புராண கிருதம் என்பது பழைய நெய். பத்தாண்டேனும் வைத்த நெய்யே அப்பெயர்க்கு உரியது என்பது ஆயுர்வேத மரபு. மருந்திட்டுக் காய்ச்சிய நெய்க்குச் சித்த மருத்துவ நூலார் வகுத்த ஆயுளோ ஆறு திங்கள், எண்ணெய்க்கு ஓராண்டு. வைத்திருந்தால் கெடும் நெய் ஒன்று, வைத்திருந்தால்தான் மருந்தாகும் நெய் மற்றொன்று. இவ்வேறுபாட்டை அறிந்து இருப்பு வைப்பதே ஒரு தனிக் கல்வியாக இருந்திருக்க வேண்டும்.

தைலம் காய்ச்சுவதென்பது எண்ணெயில் தழையைப் பொரிப்பதன்று. அரைத்த மூலிகை விழுதாகிய கற்கம் ஒரு பங்கு, எண்ணெயோ நெய்யோ நான்கு பங்கு, குடிநீரோ சாறோ பாலோ பதினாறு பங்கு என்பது பொதுவான அளவு. இம்மூன்றையும் கூட்டி மெல்லிய தீயில் வைத்து நீர் முழுதும் வற்றச் செய்வர். நீர் இருக்கும்வரை எண்ணெயின் சூடு பெரிதும் ஏறாது, மூலிகையும் கருகாது. நீர் வற்றும் அந்த இறுதிப் பொழுதிலேயே இடர் தொடங்குகிறது. சற்று முந்தி இறக்கினால் ஈரம் தங்கி எண்ணெய் விரைவில் கெடும். சற்றுப் பிந்தினால் கற்கம் தீய்ந்து மருந்து வீணாகும். ஒரு திங்கள் தேடிய மூலிகை ஒரு நொடியில் கரியாகிவிடும்.

அந்த நொடியைக் கண்டறியப் பழைய நூலார் கூறிய குறிகள் சில. கற்கத்தை விரலிடை வைத்து உருட்டினால் திரியாகத் திரள வேண்டும். அத்திரியைத் தீயிலிட்டால் ஓசையின்றி எரிய வேண்டும். சடசடத்தால் நீர் உள்ளது என்று பொருள். மற்றொரு குறி இன்னும் நுட்பமானது: எண்ணெயாயின் பதம் வரும்போது நுரை எழும், நெய்யாயின் நுரை தணியும். ஒரே அடுப்பு, ஒரே அளவு, குறி மட்டும் நேர்மாறு. மேலும், மூக்கிலிடும் மருந்துக்கு இளம்பதமும், உட்கொள்வதற்கு நடுப்பதமும், உடம்பில் தேய்ப்பதற்கு முதிர்ந்த பதமும் ஏற்றவை என்றனர். இளகிய மெழுகுக்கும் நறநறக்கும் மணலுக்கும் இடைப்பட்ட இவ்வேறுபாட்டை அளப்பது விரல் நுனி ஒன்றே.

திருவள்ளுவர் மருத்துவத்தை நான்கு கூறாக்கியபோது உற்றவன், தீர்ப்பான், மருந்து என்பவற்றோடு நிறுத்தாமல் உழைச்செல்வானையும் சேர்த்தார். மருந்தைப் பிழையின்றி இயற்றுபவன் எனப் பரிமேலழகர் அதற்குப் பொருள் காண்பது தைலம் காய்ச்சியவர்க்கு எளிதில் விளங்கும்.

இனி நம் ஊருக்கு வருவோம். சென்னையிலிருந்து மேலைக் கடற்கரையை நோக்கி இடப்பட்ட இருப்புப்பாதை 1861-இல் சேலத்தை அடைந்தது. நிலையம் அமைந்தது நகருக்கு மேற்கே சில கல் தொலைவிலுள்ள சூரமங்கலத்தில். அதே 1861-ஆம் ஆண்டில், அப்பாதையின் மறுகோடியில் பேப்பூருக்கும் திரூருக்கும் இடையே வண்டி ஓடத் தொடங்கிற்று. திரூருக்கு அருகிலுள்ள கோட்டக்கல்லில் 1902-இல் பி. எஸ். வாரியர் ஆரிய வைத்தியசாலையை நிறுவினார். ஒவ்வொரு நோயாளிக்கும் வீட்டிலேயே காய்ச்சப்பட்டு வந்த தைலமும் கிருதமும், ஓரிடத்தில் பெருமளவில் செய்யப்பட்டுக் குப்பியில் அடைபட்டு, தொலைவிலுள்ளோர்க்கும் கிட்டும் பொருளாயின. இதனை நான் குறைத்து மதிப்பிடவில்லை. வைத்தியர் இல்லாத ஊருக்கும் மருந்து சென்றது அதனால்தான்.

அடுத்து வந்தவற்றை விரைந்து சொல்லிவிடலாம். 1921-இல் சென்னை அரசு முகம்மது உசுமான் தலைமையில் அமைத்த குழு நாட்டு மருத்துவ முறைகளை ஆராய்ந்து 1923-இல் அறிக்கை தந்தது. 1944-இல் சென்னையில் இந்திய மருத்துவர் கூட்டுறவு மருந்தகமாகிய இம்ப்காப்சு தோன்றியது. 1964-இல் மருந்துச் சட்டம் ஆயுர்வேத, சித்த, யுனானி மருந்துகளையும் தன் வரம்புக்குள் கொணர்ந்தது. 1978-இல் ஆயுர்வேத மருந்துகளுக்கான அரசு யோகத் தொகுப்பின் முதற்பகுதி வெளியாயிற்று. அளவும் பெயரும் செய்முறையும் அச்சேறின.

அச்சேறாத ஒன்று உண்டு. 1937-இல் டால்டா சந்தைக்கு வந்தபின் நெய் என்ற சொல்லுக்கே ஐயம் பிறந்தது. கிருதத்தின் நான்கு பங்கும் பசுநெய்தானா என்பதை மணந்தறியும் மூக்கு வேண்டியதாயிற்று. சில ஆண்டுகளுக்கு முன் என் தந்தையாரின் முழங்கால் வலிக்காக ஒரு கடையில் தைலக் குப்பி ஒன்று வாங்கினேன். சீட்டில் மூலிகைப் பெயர்கள் முறையாக நிரம்பியிருந்தன. ஏதோ ஐயத்தால் ஒரு துணித்திரியை அதில் நனைத்துக் கொளுத்தினேன். படபடவென வெடித்தது. தந்தையார் சிரித்துக்கொண்டே, “உங்க அம்மாயி இருந்திருந்தா இதை நாய்க்குக்கூடத் தடவியிருக்கமாட்டா” என்றார்.

ஆமணக்கு நம் மாவட்டத்தைவிட்டு அகன்றுவிடவில்லை. ஏத்தாப்பூரில் வேளாண் பல்கலைக்கழகத்தின் மரவள்ளி, ஆமணக்கு ஆராய்ச்சி நிலையம் உள்ளது. வீரிய ஒட்டு இரகம் அங்கிருந்து வந்திருக்கிறது. கொல்லிமலையிலும் சேர்வராயன் மலையிலும் மூலிகை தேடுவோர் இன்றும் உள்ளனர். செடியும் உண்டு, நூலும் உண்டு. அருகிவருவது அடுப்பருகே நிற்பவர். திருமுக்கூடல் கல்வெட்டில் மருத்துவரின் பெயர் தெளிவாக நிற்கிறது. பதம் பார்த்திருக்கவேண்டிய அவ்விருவரும் ‘இருவர்’ என்ற எண்ணிக்கையாகவே நிற்கின்றனர்.

எங்கள் தெருவில் முதிய அம்மையார் ஒருவர் இன்றும் உறவினர்க்கு மட்டும் மருந்து நெய் காய்ச்சித் தருகிறார். இம்மலருக்காக அவர் பக்குவத்தை எழுதிக்கொள்ள ஒரு குறிப்பேட்டுடன் சென்றேன். “வாயிலே சொன்னா வராதுங்க தம்பி. அடுப்படியிலே வந்து நில்லுங்க” என்றார். மறுவாரம் சென்று இரண்டு மணி நேரம் நின்றேன். நுரை தணிகிறதா என்று நான் குனிந்து பார்ப்பதற்குள், அவர் பாத்திரத்தை இறக்கி வைத்துவிட்டார்.