பத்து ஆராங் குளக்கரையில்

சபாக்கிலிருந்து விடியும் முன்னே கிளம்பி, ராவாங் அருகே உள்ள பத்து ஆராங் போய்ச் சேர்ந்தேன். மலாயில் அந்தப் பெயருக்கே நிலக்கரி என்றுதான் அர்த்தம். பழைய சுரங்கக் குழிகளில் இப்போது தண்ணீர் நிற்கிறது. கரையோரம் நடந்தால் தூண்டில் போடுகிறவர்கள் தெரிகிறார்கள்; கொஞ்சம் தள்ளி, செங்கல் சூளையின் பழைய புகைபோக்கி.

1915இல் மலாயன் கோலியரீஸ் இங்கே கரி தோண்டத் தொடங்கியது. ரயில் ஓடியது இந்தக் கரியில்தான். 1927இல் திறந்த பங்சார் மின் நிலையம் கோலாலம்பூருக்கு வெளிச்சம் தந்ததும் இதே கரியில்தான். நான் மின்பொறியியல் படித்தவன். கொதிகலன், டர்பைன் எல்லாம் படித்தேன். கரி வெட்டியவர்கள் எந்தப் பாடத்திலும் வரவில்லை.

1937 மார்ச்சில் அவர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். கூலி உயர்வு கேட்டார்கள், ஒப்பந்தக்காரர் முறையை எதிர்த்தார்கள். பெரும்பாலோர் சீனர்கள்; தமிழர்களும் உண்டு. சுரங்கமே அவர்கள் கைக்கு வந்தது. கரி நின்றால் ரயிலும் விளக்கும் நிற்கும் என்பது அரசுக்குத் தெரியாதா? சில நாட்களில் போலீசும் மலாய் ரெஜிமெண்ட்டும் உள்ளே நுழைந்து சுரங்கத்தைத் திரும்பப் பிடித்தன.

எண்ணெய் வந்து கரியின் இடத்தைப் பிடித்தது. 1960இல் சுரங்கத்தை மூடினார்கள்.

கோலாலம்பூரில் மின்விளக்கு எரிந்த அந்தக் காலத்தில், எங்கள் தோட்டத்து லயத்தில் தாத்தாவுக்கு மண்ணெண்ணெய் விளக்குதான். கரி வெட்டியவர், பால் வெட்டியவர் இருவரையும் அந்தக் கரையில்தான் முதன்முதலாகச் சேர்த்து நினைத்தேன். ராவாங் பக்கம் போனால் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். பார்க்க அதிகமில்லை, நடந்துவிட்டு வாங்க.