ஓதுதலும் ஓதாமையும்: டார்க் ஆம்பியன்ட் இசையில் சமய, இலக்கிய நூல்களின் இடம்

டார்க் ஆம்பியன்ட் எனப்படும் இசையில் தாளம் பெரும்பாலும் இல்லை. மெட்டென்று சொல்லத்தக்கதும் அரிது. மனிதக்குரல் வந்தாலும் அது என்ன சொல்கிறதென்று காதுக்குப் பிடிபடுவதில்லை. தாழ்ந்து நீளும் ஒலி, நிலவறை எதிரொலி, இன்னதென்று அடையாளம் காண முடியாத உலோக முழக்கம் ஆகியவையே அதன் கருவிப்பொருள். ஆனால் சொல்லை இவ்வளவு தள்ளிவைக்கும் இவ்விசைதான் நூல்களை மிகுதியாக நாடியிருக்கிறது. விவிலியம், திபெத்திய மரணநூல், பாஸ்கலின் சிந்தனைக் குறிப்புகள், லோத்ரேயமோனின் 'மால்தொரோர்', தாமஸ் லிகோட்டியின் திகில் எழுத்து என்று அந்தப் பட்டியல் நீளும். சொல்லற்ற இசைக்குள் ஒரு நூல் எங்கே தங்குகிறது?

இக்கேள்விக்கு 1980களில் இரண்டு விடைகள் பிறந்தன; அவை எதிரெதிர்த் திசையில் நடந்தன என்பது இக்கட்டுரையின் வாதம். லண்டனில் கரன்ட் 93 என்னும் குழு இரைச்சலில் தொடங்கித் தெளிவான வாசிப்பை வந்தடைந்தது. பாரிஸில் எலியான் ராடிக், நூல் சார்ந்த தம் படைப்புகளில், வாய்விட்டு ஓதுவதில் தொடங்கி ஒரு சொல்கூட இல்லாத 'த்ரிலோஜி த லா மோர்' என்னும் மரண முத்தொகுப்பை அடைந்தார். இரண்டாவது பாதையே கடினமானது. இங்கு அதற்கே கூடுதல் இடம் தரப்படுகிறது.

நூல் வந்த வழி

ராடிக்கின் முத்தொகுப்புக்கு அடித்தளமான, திபெத்திய மரணநூல் எனப்படும் 'பார்தோ தோதொல்' பத்மசம்பவர் அருளியதாகத் திபெத்திய மரபு கொள்ளும் நூல். மறைத்துவைக்கப்பட்டிருந்த இதனை 14ஆம் நூற்றாண்டில் கர்மா லிங்பா கண்டெடுத்தார் என்பது அம்மரபின் கூற்று. இறந்தவர் கேட்கும்படி உரக்கப் படிக்கவேண்டிய நூல் இது. சாவுக்கும் மறுபிறப்புக்கும் இடையே உயிர் எதை எதைக் காணும், கண்டு அஞ்சாமல் எப்படிக் கடக்கவேண்டும் என்று வழிகாட்டுகிறது. தனியே உட்கார்ந்து கண்ணால் படிப்பவருக்காக எழுதப்பட்டதன்று. செவிவழியே பயன்படும் நூல். இசைக்காரர்கள் பின்னாளில் இதைத் தேடிவந்ததில் வியப்பில்லை.

மேற்குலகில் இது பரவியது 1927இல். சிக்கிமைச் சேர்ந்த லாமா காசி தாவா சம்துப் செய்த ஆங்கில மொழிபெயர்ப்பை வால்டர் இவான்ஸ்-வென்ட்ஸ் பதிப்பிக்க, ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகப் பதிப்பகம் வெளியிட்டது. மொழிபெயர்த்தவர் அதற்கு ஐந்தாண்டு முன்பே, 1922இல், இறந்துவிட்டார். புகழ் பதிப்பாசிரியருக்கே போயிற்று. 1935இல் ஜெர்மன் பதிப்புக்குக் கார்ல் யுங் எழுதிய உளவியல் விளக்கம், இந்நூலைச் சாவைப் பற்றியதாக மட்டும் அல்லாமல் மனத்தின் ஆழத்தைப் பற்றியதாகவும் படிக்கும் பழக்கத்தை உண்டாக்கியது. 1964இல் டிமோத்தி லியரி, ரால்ஃப் மெட்ஸ்னர், ரிச்சர்ட் ஆல்பர்ட் மூவரும் போதைமருந்து அனுபவத்துக்கான கையேடாக இதை மாற்றி எழுதினார்கள். அக்கையேட்டைப் படித்த ஜான் லெனன் இயற்றிய 'டுமாரோ நெவர் நோஸ்' 1966இல் பீட்டில்ஸின் 'ரிவால்வர்' தொகுப்பின் கடைசிப் பாட்டாக வந்தது. அடியில் தம்பூரா, ஒரே சுருதியில் நிற்கும் இசை, சுற்றிச் சுற்றி வரும் டேப் லூப்கள். அதற்குப் பின் இருபதாண்டுகளில் வந்த பலவற்றின் கருவிகள் அந்தச் சில நிமிடங்களிலேயே இருக்கின்றன. ஆனால் அங்கே நூல் பாடல்வரியாகத்தான் இருந்தது. பாடகர் வாய் மூடினால் நூலும் மறைந்துவிடும்.

லண்டன் பாதை

ஆம்பியன்ட் எனப்படும் சூழலிசைக்குப் பெயரும் கொள்கையும் தந்தவர் பிரையன் ஈனோ. 1978இல் வந்த அவருடைய விமானநிலைய இசை வெளிச்சமானது. 1982இல் வந்த 'ஆன் லேண்ட்' இருண்டது. எனினும் நூல்நாட்டம் ஈனோ வழியே வரவில்லை. த்ராபிங் கிறிஸல் என்னும் இசைக்குழு கலைந்தபின் எஞ்சியவர்களைச் சுற்றி உருவான வட்டத்திலிருந்து வந்தது. அவர்களில் சிலர் 1982இல் சைக்கிக் டிவி என்னும் பெயரில் திபெத்தியத் தொடையெலும்பு ஊதுகுழல்களை ஒலிப்பதிவுக்குக் கொண்டுவந்தார்கள். சடங்கு வந்தது, நூல் வரவில்லை; அதைக் கொண்டுவந்தவர் டேவிட் திபெத்.

இவர் பிறந்தது 1960இல், மலேசியாவின் பேராக் மாநிலத்துப் பத்து காஜாவில். தோட்டப்புறத் தமிழருக்கு நன்கு பழகிய அவ்வூரிலிருந்து இங்கிலாந்து போய், கரன்ட் 93 குழுவைத் தொடங்கி, 1984இல் 'நேச்சர் அன்வெயில்ட்' தொகுப்பை வெளியிட்டார். இசைத்தட்டின் ஒரு பக்கம் மால்தொரோரின் பெயரைத் தாங்கியது. மறுபக்கம் கோராசின் ஊரின் பெயரை. இயேசு சபித்த ஊர்களில் ஒன்றான கோராசினை எதிர்க்கிறிஸ்துவோடு தொடர்புபடுத்தியது இடைக்கால மரபு. ஆனால் இத்தொகுப்பைக் கேட்பவருக்கு இவற்றில் எதுவும் வாக்கியமாகக் கிடைக்காது. லூப்பில் சுழலும் மந்திர ஒலி, கதறல், நீள் எதிரொலி ஆகியவையே கிடைக்கும். நூல் தலைப்பில் நிற்கிறது, உள்ளே அதன் அச்சம் மட்டும் நிற்கிறது.

பின்னர் திபெத் எதிர்த்திசையில் நடந்தார். 1996இல் வந்த 'ஆல் த ப்ரெட்டி லிட்டில் ஹார்சஸ்' தொகுப்பில் நிக் கேவ் பாஸ்கலின் பகுதிகளை வாசிக்கிறார். 1997இல் லிகோட்டியின் கதைகள் அடங்கிய புத்தகத்தோடு ஓர் இசைவட்டு வந்தது. 2000இல் 'ஐ ஹேவ் எ ஸ்பெஷல் ப்ளான் ஃபார் திஸ் வேர்ல்ட்' என்னும் ஒரே நீண்ட தடத்தில் லிகோட்டியின் கவிதையைத் திபெத் நிதானமாக வாசிக்க, ஒலிப்படலம் பின்னால் விலகி நிற்கிறது. சொல்லை மதித்து வளர்ந்தவரின் பாதை இது. பின்னாளில் பழங்கிறிஸ்தவ நூல்களின் மொழிகளில் ஒன்றான காப்டிக்கையே கற்றுக்கொண்டார் என்பதும் அதே நாட்டத்தின் தொடர்ச்சிதான். ஆனால் இசையின் நோக்கில் பார்த்தால் இது ஒருவகைப் பின்வாங்கல் என்றே கருதுகிறேன். 1984இன் இரைச்சல் எழுப்பிய கேள்விக்கு 2000இன் வாசிப்பு விடை தரவில்லை, கேள்வியை விலக்கிவைத்தது.

வேல்ஸ்காரரான பிரையன் வில்லியம்ஸ், லஸ்ட்மோர்ட் என்னும் பெயரில், நிலவறைகளிலும் குகைகளிலும் ஒலியைப் பதிந்து 1990இல் வெளியிட்ட 'ஹெரெசி'யில் சமயம் இடமாக இருக்கிறது, நூலாக இல்லை. சுவீடனின் கோல்ட் மீட் இண்டஸ்ட்ரி நிறுவனத்தை நடத்திய ரோஜர் கர்மானிக்தான் டார்க் ஆம்பியன்ட் என்ற பெயரை வழங்கினார் என்பது பொதுவான கருத்து. அங்கே ரேசான் தெத்ர் என்ற பெயரில் இயங்கிய பீட்டர் ஆண்டர்சன் யுங்கின் எண்ணங்களைச் சார்ந்து, கிரகோரியத் தேவாலயப் பாடல் துண்டுகளை இசையில் கரைத்தார். அழகான தொகுப்புகள்தாம். ஆனால் அந்த லத்தீன் வரி இன்னதாக இருந்தாலும் வேறொன்றாக இருந்தாலும் கேட்பவருக்கு வேறுபாடு தெரியாது. மறைநூல் அங்கே பக்திச்சூழலை உண்டாக்கும் பண்டமாகிவிட்டது.

ராடிக்கின் முத்தொகுப்பு

எலியான் ராடிக் இந்த வட்டத்தைச் சேர்ந்தவர் அல்லர். 1932இல் பாரிஸில் பிறந்தவர். பியேர் ஷாஃபர், பியேர் ஆன்ரி இருவரிடமும் ஒலிநாடா இசை பயின்றவர். 1970களின் தொடக்கத்தில் நியூயார்க்கில் வாங்கிய ஏ.ஆர்.பி. 2500 சிந்தசைசரைப் பாரிஸுக்குக் கொண்டுவந்தபோது அதன் விசைப்பலகையை அங்கேயே விட்டுவிட்டார். இது சிறு செய்திபோல் தோன்றினாலும் அவருடைய அழகியல் முழுவதும் இதில் அடங்கும். விசைப்பலகை இருந்தால் விரல் ஸ்வரங்களைத் தேடும்; அது இல்லாதபோது திருகிகளை மெல்லத் திருப்பி ஓர் ஒலிக்குள்ளேயே நிகழும் மாற்றங்களைக் கவனிக்கலாம். கச்சேரிக்கு முன் தம்பூராவை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தவருக்கு இது புரியும்: ஒன்றாகத் தோன்றும் சுருதிக்குள் மேல்சுரங்கள் எழுந்தும் அடங்கியும் கொண்டே இருக்கும்.

1970களின் நடுவில் திபெத்திய பௌத்தத்தைத் தழுவி, பிரான்ஸின் தோர்தோன் பகுதியில் வாழ்ந்த பாவோ ரின்போச்சேயிடம் மாணவியானார். ஏறத்தாழ மூன்றாண்டு இசையை விட்டிருந்தவரை மீண்டும் இசைக்கே திரும்பச் சொன்னவர் அந்த ஆசான்தான். அதன்பின் வந்த நூல்சார் படைப்புகளைக் காலவரிசையில் வைத்தால் நகர்வு தெளிவாகிறது. 1983இல் வந்த 'சாங்ஸ் ஆஃப் மிலரேபா'வில் திபெத்திய யோகி மிலரேபாவின் பாடல்களை லாமா குங்கா ரின்போச்சே திபெத்திய மொழியில் ஓத, ராபர்ட் ஆஷ்லி ஆங்கிலத்தில் வாசிக்கிறார், சிந்தசைசர் துணைநிற்கிறது. 1986இல் முடிந்த 'ஜெத்சுன் மிலா' அதே யோகியின் வாழ்க்கையைச் சொற்களின்றி, ஒலியின் வளர்ச்சியிலேயே சொல்ல முயல்கிறது. 1988இல் முடிந்த 'கியேமா'வில் பார்தோ தோதொல் ஒரு சொல்லாகவும் இல்லை, ஆனால் முழுமையாக இருக்கிறது.

எப்படி? நூலின் அமைப்பே இசையின் அமைப்பாகிறது. வாழ்வு, கனவு, தியானம், இறக்கும் கணம், தூய ஒளி, மறுபிறப்பை நோக்கிய கடப்பு என்னும் ஆறு இடைநிலைகளும் வரிசை மாறாமல் சுமார் ஒரு மணி நேரம் நடக்கின்றன. ஒரு நிலை முடிந்து அடுத்தது எங்கே தொடங்கிற்று என்று கேட்பவரால் விரல் வைத்துக் காட்ட முடியாது. நூல் சொல்லும் கடப்பு இங்கே விளக்கப்படாமல் கேட்பவருக்கே நேர்கிறது. சுவீடனும் லண்டனும் நூலிலிருந்து சொல்லையோ மணத்தையோ எடுத்துக்கொண்டன. ராடிக் வரிசையையும் காலத்தையும் எடுத்துக்கொண்டார்.

முத்தொகுப்பைப் பற்றி எழுதுவோர் பலர் இதை மகனை இழந்த தாயின் இரங்கற்பாவாகவே படிக்கிறார்கள். காலவரிசை அதற்கு இடம் தரவில்லை. ராடிக்கின் மகன் ஈவ் ஆர்மான் விபத்தில் இறந்தது 1989இல். கியேமா அதற்கு முன்பே முடிந்துவிட்டது. பிந்தைய இரண்டு பகுதிகளே அந்த இழப்புக்குப்பின் உருவானவை. 1991இன் 'கைலாஷா' கயிலை மலையைச் சுற்றிவரும் கற்பனை யாத்திரை. காணக்காணக் கோணம் மாறும் ஜோசஃப் ஆல்பர்ஸின் ஓவியங்களும் அதற்குத் தூண்டுதல். (கயிலைக்குப் போய்ச்சேராமலே திருவையாற்றில் கயிலையைக் கண்ட அப்பரின் வரலாறு தமிழருக்கு நினைவு வரும்.) பாவோ ரின்போச்சேயும் அதே ஆண்டில் மறைந்தார். 1993இன் 'கூமே' சாவைத் தாண்டிப் போவதைப் பற்றியது. ஆக, நூலைப் பயின்று செய்த பகுதி முதலில்; சாவே வந்து நின்றபின் செய்த பகுதிகள் பிறகு. இந்த முறையில் கேட்டால் கைலாஷாவின் அலைக்கழிப்பும் கூமேயின் கனமும் வேறு பொருள் பெறுகின்றன.

மூன்றும் சேர்ந்து மூன்று இசைவட்டுகளாக நியூயார்க்கின் எக்ஸ்.ஐ. நிறுவனத்தால் 1998இல் வெளியிடப்பட்டன. அப்போது டார்க் ஆம்பியன்ட் ரசிகர்கள் தங்களுக்கென்று ஒரு மூலநூலைக் கண்டுபிடித்ததுபோல் இதை எடுத்துக்கொண்டார்கள். வகைப்பெயர் பொருந்துகிறதா என்பது கடைக்காரரின் கவலை. இருளை அச்சுறுத்தலாகப் பயன்படுத்தாத இப்படைப்பை அவ்வகைக்குள் அடைப்பது சரியன்று என்றே எனக்குப் படுகிறது. எனினும் அவ்வகையின் மையக் கேள்விக்கு நிறைவான விடை இங்குதான் கிடைக்கிறது.

புதிதாகக் கேட்கப்போகிறவர்கள் முத்தொகுப்பில் தொடங்கவேண்டாம். முதலில் 'சாங்ஸ் ஆஃப் மிலரேபா', பிறகு 'ஜெத்சுன் மிலா', அதன்பின் 'கியேமா' என்ற வரிசையில், நல்ல ஒலிபெருக்கியில், தாழ்ந்த ஒலியளவில் கேளுங்கள். கைப்பேசியின் சிறு ஒலிபெருக்கியில் இவ்விசையின் அடித்தளமே கேட்காது.