மெருகும் பார்வையும்: ஐரோப்பியப் பொற்பணி நூல்களின் சமூகச் சான்று

ஐரோப்பியப் பொற்பணியின் வரலாறு பெரும்பாலும் ஆபரணங்களின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. அவற்றுக்கு மெருகிட்ட கைகளையும் அம்முயற்சியில் தேய்ந்த கண்களையும் அறிய விரும்புவோர், அருங்காட்சியகப் பேழைகளை விடுத்து எழுத்துச் சான்றுகளை நாடுதல் வேண்டும்.

12ஆம் நூற்றாண்டில் தியோபிலசு என்னும் புனைபெயருடைய துறவி இலத்தீனில் இயற்றிய தொழில்நூல் இவ்வகையில் முதன்மையானது. வெள்ளி, செம்பு, ஈயம், கந்தகம் ஆகியன சேர்ந்த கருங்கலவை பதித்த அணிக்கு மெருகூட்டும் முறையை அவர் படிப்படியாக விளக்குகின்றார். நகத்தாற் கீறக்கூடிய மென்மையான கருங்கல்லை உமிழ்நீரில் நனைத்துத் தேய்த்தல் வேண்டும். அடுத்து விரலளவான காய்ந்த லிண்டன் மரத்துண்டினால் அக்கல்லின் பொடியையும் உமிழ்நீரையும் இட்டுத் தேய்த்தல் வேண்டும். ஈற்றில் காதுக் குறும்பியைப் பூசி, ஆட்டுத்தோலாலோ மான்தோலாலோ ஒளிரும்வரை துடைத்தல் வேண்டும். இதனை வேடிக்கையாகக் கொள்ளலாகாது. கைப்பணி உற்பத்தியிலே கருவிக்கும் உழைப்பாளியின் உடலுக்குமிடையே எல்லைக்கோடு இருக்கவில்லை. உமிழ்நீரே அவனுக்கு நீர், குறும்பியே எண்ணெய், கண்ணே அளவுகோல்.

அக்கண்ணுக்கு நேர்ந்ததை நாம் அறிவது தொழில்நூலாலன்று, தன்வரலாற்றாலேயே. புளோரன்சு நகரப் பொற்கொல்லனும் சிற்பியுமான பென்வெனூட்டோ செலினி 1558இல் எழுதத் தொடங்கிய தன் வாழ்க்கை வரலாற்றில், வேலையின்போது நுண்ணிய உருக்குச் சிம்பொன்று வலக்கண்ணில் ஆழப் பாய்ந்ததைக் கூறுகின்றான். சத்திரவைத்தியர் உயிருள்ள புறாக்களின் சிறகு நரம்பைக் கீறி, அக்குருதியைக் கண்ணில் வழியவிட்டார். இரு நாள்களில் சிம்பு வெளியேறிற்று. (வெதுவெதுப்பான திரவத்தாற் கண்ணைக் கழுவியமையே பயனளித்திருத்தல் கூடும்.) நேர்த்திக்கடனாக, பிரெஞ்சு நாணயமொன்றைக் கொண்டு பொற்கண் செய்து, கண்நோயாளரின் காவலரான புனித லூசியாவுக்குக் காணிக்கையாக்கினான். கோமகனின் ஆதரவு பெற்ற தலைமைக் கலைஞனுக்கு மருத்துவனும் பொற்கண்ணும் வாய்த்தன. தன் கதையை எழுதுவிக்கும் வாய்ப்பும் வாய்த்தது. பட்டறையின் கடைநிலைத் தொழிலாளி இத்தகைய ஆவணம் எதனையும் விட்டுச் செல்லவில்லை.

இவ்வேறுபாடு தற்செயலானதன்று. 1568இல் வெளியான தன் தொழில்நூலிலே, இரசங்கொண்டு பொன்முலாம் பூசுவதை அதையே பிழைப்பாகக் கொண்டோரிடம் விட்டுவிடுதல் வேண்டுமெனச் செலினி வற்புறுத்துகின்றான். இரசம் கொடிய நஞ்சு. அவ்வேலை செய்வோர் சில ஆண்டுகளே உயிர்வாழ்வர் என்பதே அவன் கூறும் காரணம். நஞ்சினை அவன் நன்கறிவான். அறிந்தே அதனை மற்றவர் பங்காக்குகின்றான். உழைப்புப் பிரிவினை ஆபத்தின் பிரிவினையாகவும் அமைதலை இவ்வளவு வெளிப்படையாகக் காட்டும் சான்று அரிது.

நோயாளியின் தொழில் யாதென வினவுமாறு மருத்துவருக்கு உணர்த்திய பெர்ணாடினோ ரமசீனி, 1700இல் வெளியிட்ட நூலில் நுண்பணியாளரின் பார்வைக் குறைவை ஆராய்ந்தார். கண்ணாடி அணிதல், குனிந்தவாறே இராது தலையை நிமிர்த்துதல், இடையிடையே வேலையை நிறுத்திப் பார்வையை வேறிடஞ் செலுத்துதல் என்பன அவர் கூறிய பரிகாரங்கள். முடித்த பொருளுக்கேற்பக் கூலி பெறுபவனுக்கு அவற்றுள் இறுதியானதே மிகவும் விலையுயர்ந்தது.