மயிலியின் காத்திருப்பு

ஈழத்துக் கவிதையைப் பற்றிப் பேசுவோர் மஹாகவியை மறப்பதில்லை. ஆனால், நாடகாசிரியரான மஹாகவியை அறிந்தவர்கள் குறைவு. இவ்வார உரையில் அவரைப் பற்றியே பேச விரும்புகிறேன்.

து. உருத்திரமூர்த்தி என்பது அவரது இயற்பெயர். 1927 இல் அளவெட்டியில் பிறந்தார். அரசாங்க எழுதுவினைஞராகத் தொழில் தொடங்கிப் பின்னர் நிருவாக சேவை அதிகாரியானார். 1971 ஜூன் மாதம் மறைந்தபோது அவருக்கு வயது 44. 1955 இல் 'வள்ளி' என்ற தொகுதி வெளிவந்தது. ஆங்கில லிமரிக் வடிவத்தைத் தமிழ் யாப்புக்குள் கொண்டுவந்து, 1966 இல் 'குறும்பா'வைத் தந்தார்.

மஹாகவி மரபு யாப்பைக் கைவிடவில்லை. ஆனால், அந்த யாப்புக்குள் எங்கள் வீட்டுத் திண்ணைப் பேச்சை நடமாடவிட்டார். அவருடைய பா நாடகங்களுக்கு அதுவே அடித்தளம். 1891 இல் வெளிவந்த 'மனோன்மணீயம்' பாண்டிய மன்னனின் கதை. மஹாகவியின் 'கோடை'யிலோ, வெள்ளையர் ஆட்சிக்கால நாதஸ்வரக் கலைஞர் குடும்பம் ஒன்று கவிதையில் பேசுகிறது. மன்னர்களிடமிருந்த பா நாடகம் சாதாரண மனிதரின் முற்றத்துக்கு வந்துவிட்டது.

அவரது 'புதியதொரு வீடு' 1989 இல்தான் நூலுருப் பெற்றது. கடற்றொழிலாளர் கிராமம் ஒன்றின் கதை அது. கடலுக்குப் போன மாயன் புயலுக்குப் பின் திரும்பவில்லை. இறந்துவிட்டான் என்றே ஊர் நம்புகிறது. அவன் மனைவி மயிலி, அவனுடைய தம்பி மாசிலனை மணக்கிறாள். காலம் கழித்து மாயன் திரும்பி வருகிறான். முடிவை நான் சொல்லப் போவதில்லை, வாசித்து அறியுங்கள்.

ஆங்கிலக் கவிஞர் டெனிசன் 1864 இல் எழுதிய 'ஈனொக் ஆர்டன்' இதை ஒத்த கதைதான். அங்கே திரும்பி வந்தவன் தன்னை வெளிப்படுத்தாமலே இறந்துபோகிறான். மஹாகவியின் கதையில் மயிலியை மணந்தவன் கூடப்பிறந்த தம்பி. மூவரில் எவரையும் குற்றவாளி என்று சொல்ல முடியவில்லை. அதுவே இந்நாடகத்தின் வலி.

முன்னர் வாசித்தபோது, மயிலி யாருக்கு உரியவள் என்பதே நாடகத்தின் கேள்வி என எண்ணினேன். இன்று வன்னியில் இருந்து வாசிக்கையில் வேறொரு கேள்வி எழுகிறது. காத்திருப்பு முடிந்தது என்று சொல்லும் உரிமை யாருக்கு உண்டு?

மாயனைக் கடல் கொண்டதென்று ஊர் நம்பியது. எங்கள் பெண்களுக்கு அந்த நம்பிக்கையும் இல்லை. 2009 மே மாதம் வட்டுவாகலில் தம் கண்முன்னே இராணுவத்திடம் கையளித்தவர்களையே அவர்கள் தேடுகிறார்கள். 2017 பெப்ரவரி 20 இல் கிளிநொச்சி கந்தசுவாமி கோவில் முன்றலில் உறவினர்கள் போராட அமர்ந்ததும் பதில் கேட்டுத்தான். மரணச் சான்றிதழைப் பெற்றுக்கொள்ளும்படி சொல்கிறார்கள். திதி கொடுப்பதா, திரும்பி வருவார் என்று காத்திருப்பதா? பதில் இல்லாமல் எந்த மயிலியால் முடிவெடுக்க முடியும்?

முல்லைத்தீவுக் கரையோரக் கிராமங்களிலும் எங்கள் பாடசாலை மேடைகளிலும் இந்நாடகம் நடிக்கப்பட வேண்டும் என்பது என் விருப்பம். நடிக்க வரும் பிள்ளைகள் ஒன்றை மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும்: பார்ப்பவர்களிடையே மயிலிகள் இருப்பார்கள்.