இயந்திரக் கடனும் ஈடும்: திருகோணமலைத் துறைமுகப் பகுதி

இயந்திரக் கடன் என்பது இயந்திரத்தையோ வாகனத்தையோ படகையோ வாங்கும் நிறுவனம், அந்தப் பொருளையே ஈடாக வைத்துப் பெறும் கடன். பொருள் கடனாளியின் கையில் இருக்கும். அதன்மீதான ஈட்டுரிமை கடன் கொடுத்தவரைச் சேரும்.

நகை அடகில் சிக்கல் இல்லை, சங்கிலி பெட்டகத்தில் கிடக்கும். கொட்பே மீன்பிடித் துறைமுகத்துப் படகோ கடலுக்குப் போனால்தான் தவணைக் காசு வரும். ஆனால் இலங்கையின் பொதுச் சட்டமான ரோமன்-டச்சுச் சட்டம், ஈடு வைத்த அசையும் பொருளை விவரமறியாமல் வாங்கியவரிடமிருந்து அதை மீட்க எளிதில் இடம் தரவில்லை. ஆகவே வங்கிகள் காணியையே கேட்டன. 1927ஆம் ஆண்டின் ஆவணப் பதிவுக் கட்டளைச் சட்டம் அசையும் சொத்து ஈட்டைப் பதிய வழி செய்தது. 1949ஆம் ஆண்டின் ஈட்டுச் சட்டம் ஈட்டு வழக்குகளுக்கு முறை வகுத்தது.

1950களின் இறுதியில் அரசு மூன்றரைத் தொன் இயந்திரப் படகுகளை வாடகைக் கொள்வனவில் வழங்கத் தொடங்கியது. கடைசித் தவணை கட்டும்வரை படகு மீனவருக்குச் சொந்தமாகாது.

திருகோணமலைத் துறைமுகத்தின் பெரிய ஆலைகளின் கதை வேறு. 1980இல் இயங்கத் தொடங்கிய பிரிமா மாவாலை சிங்கப்பூர் முதலீட்டிலும், 1982இல் நிறுவப்பட்ட டோக்கியோ சீமெந்து ஜப்பானியக் கூட்டிலும் எழுந்தவை. நிலத்தோடு பொருத்திய இயந்திரம் பெரும்பாலும் காணியின் பகுதியாகக் கருதப்படுவதால், காணி ஈட்டிலேயே அதுவும் அடங்கிவிடும். லொறிக்கும் பாரந்தூக்கிக்கும் இந்த வசதி இல்லை.

அந்த இடைவெளியை நிரப்பியது லீசிங். 1980இல் ஜப்பானின் ஒரிக்ஸ் நிறுவனத்தின் பங்களிப்போடு லங்கா ஒரிக்ஸ் லீசிங் கம்பனி உருவானது. இந்த முறையில் வாடிக்கையாளர் தெரிவு செய்த பொருளைக் கம்பனியே வாங்கி, தவணைக்கு விடுகிறது. வாகனமாயின் பதிவுப் புத்தகத்தில் கம்பனி முழு உரிமையாளராகப் பதியப்படும். விற்க முயன்றால் உடனே தெரிந்துவிடும். 2000ஆம் ஆண்டின் 56ஆம் இலக்க நிதிக் குத்தகைச் சட்டம் இத்தொழிலை மத்திய வங்கியின் கண்காணிப்பில் வைத்தது.

பதிவுப் புத்தகம் இல்லாத பொருள்களுக்காக 2009இல் 49ஆம் இலக்கச் சட்டம் வந்தது. அசையும் சொத்து ஈடுகளுக்கான பதிவேடு இலங்கைக் கடன் தகவல் பணியகத்தில் அமைந்தது. அதில் முதலில் பதிந்த கடன் கொடுத்தவருக்கே பொதுவாக முன்னுரிமை.

கடன் தவணை தவறினால் நீதிமன்றம் போகாமலே ஈட்டை ஏலம்விட, 1990ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டம் வங்கிகளுக்கு அதிகாரம் தந்திருந்தது. பொருளாதார நெருக்கடியில் நொடித்த தொழில்முனைவோரின் கோரிக்கையை அடுத்து, 2024இல் நாடாளுமன்றம் அந்த அதிகாரத்தைத் தற்காலிகமாக நிறுத்திவைத்தது.